புது மின்சாரக் கார்: டெலிவரிக் குறை, வாரண்டி – கேள்வி பதில்

கார் சர்வீஸ் துறையில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் மின்சாரக் கார் வாங்கிய நண்பர்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, அடுத்த வாரம் டெலிவரி. ஷோரூமில் எதை எதைப் பார்க்க வேண்டும்? (கோவை)

எதைப் பார்ப்பது என்பதைவிட எப்போது பார்ப்பது என்பது முக்கியம், தம்பி. பூஜை, மாலை, சாவி என்று நிற்கும் நாளில் பார்த்துப் பயனில்லை. வண்டி உங்கள் பெயரில் பதிவாகும் முன் பாருங்கள். பதிவான பிறகு அது டீலருக்குப் பழைய வண்டி, மாற்றித் தர மாட்டார்கள். முழுப் பணத்தையும் கட்டும் முன் சேஸிஸ் எண்ணை (வண்டிக்கென்று உள்ள அடையாள எண்) வாங்கி, அதே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள்.

தயாரிப்பு மாதம், ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டர் இரண்டையும் படம் எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம். டயர் தேதியும் வண்டித் தேதியும் வெகுவாக விலகியிருந்தால் காரணம் கேளுங்கள். 2009-இல் தயாரான, 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காரை 2011-இல் புதியது என்று விற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரியாதபோது அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. அதனால் டீலரிடம் வாங்க வேண்டியதை டீலரிடமே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மின்சாரக் காருக்கென்று இன்னும் இரண்டு. ஒன்று, வண்டியோடு தரும் சார்ஜர் கேபிளைச் சொருகி உங்கள் கண்முன்னே சார்ஜ் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் டிசி ஃபாஸ்ட் சார்ஜரிலும் (சார்ஜ் நிலையங்களில் இருக்கும் வேகமான சார்ஜர்). இரண்டு, லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. லாரியில் ஏற்றி இறக்கும்போது உரசியிருந்தால், பின்னாளில் அதை "நீங்கள் கல்லில் இடித்தது" என்று சொல்லி வாரண்டியை மறுக்க வழி கிடைத்துவிடும். பெரும்பாலானோர் இதைப் பார்ப்பதே இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் கவனித்தேன். ஒரு கதவின் இடைவெளி சமமாக இல்லை, பானெட்டில் பெயிண்ட் நிறம் மாறித் தெரிகிறது. "முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். (மதுரை)

அதுவரை காத்திருக்காதீர்கள். இன்றே படங்களோடு டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் விற்பனைப் பையனிடம் சொன்னது போதாது. அவர் வேலை மாறினால் உங்கள் புகாரும் அவரோடு போய்விடும்.

கதவு இடைவெளி சரிசெய்யக்கூடியதுதான். பெயிண்ட் விஷயத்தில் அவசரப்பட்டு "அடித்துத் தருகிறோம்" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி நல்ல டிங்கரிங் கடைகளில் இருக்கும். ஆலையில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு பகுதி மட்டும் அதைப்போல் இரு மடங்கு காட்டினால், உங்களுக்கு வரும் முன்பே அடிபட்டுச் சரிசெய்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்த அளவையும் மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறது. கார் நன்றாக இருக்கிறது, வீட்டு வயரிங்தான் கோளாறு என்று அனுப்பிவிட்டார்கள். (திருநெல்வேலி)

அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஐயா. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் தானே நிறுத்திக்கொள்ளும். அது பாதுகாப்புக்காகவே அப்படி அமைக்கப்பட்டது. கோடையில் எர்த் குழி காய்ந்து போவது நம் ஊரில் சாதாரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டலாம்.

அப்புறம் அதே கேபிளோடு காரை வேறு இரண்டு இடங்களில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அங்கும் நின்றால் கோளாறு கேபிளிலோ காரின் உள்சார்ஜரிலோதான். திரையில் வரும் செய்தியை வீடியோ எடுத்துக்கொண்டு போய், சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் அதே வார்த்தைகளில் எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

400 கிலோமீட்டர் என்றார்கள், 290-தான் வருகிறது. பேட்டரி போச்சா? (சேலம்)

இல்லை. அந்த எண் ஆய்வகச் சோதனையில் வந்தது; சாலையில் ஏசி போட்டு வேகமாக ஓட்டினால் குறையும். இதற்கு வாரண்டி கிடையாது. பேட்டரி வாரண்டி பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். பேட்டரியின் ஆரோக்கியம் (புதிதில் தாங்கிய சார்ஜில் இப்போது எவ்வளவு தாங்குகிறது என்பது) 70 சதவீதத்துக்குக் கீழே போனால் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. சர்வீஸின்போது அந்தச் சதவீதத்தை அச்செடுத்துத் தரக் கேளுங்கள்.

காலையில் கார் கதவே திறக்கவில்லை, திரை இருட்டு. ஆனால் முதல் நாள் 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. (ஈரோடு)

முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரியைச் சந்தேகியுங்கள். பெரிய பேட்டரியை இணைத்துவிடும் சுவிட்சுகளுக்கும் கதவுப் பூட்டுக்கும் மின்சாரம் அதிலிருந்துதான் போகிறது. அதன் வாரண்டி தனி, காலமும் குறைவு. மாற்றிய பிறகும் திரும்ப நடந்தால் வேறு ஏதோ அதை வடிக்கிறது. வெளிக் கடையில் மாட்டிய டேஷ் கேமரா, விளக்கு இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒரு மாதமாக வண்டி சர்வீஸ் சென்டரில். "பார்ட் வரவில்லை" என்பதே பதில். வேறு கார் கேட்டு வழக்குப் போடலாமா? (சென்னை)

போடலாம், ஆனால் வேறு கார் கிடைக்கும் என்று எண்ணிப் போடாதீர்கள். குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை, முழுக் காரை அல்ல என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தயாரிப்புக் குறை தீராதது என்று நிபுணர் அறிக்கையால் காட்ட முடிந்தால்தான் அந்தக் கோரிக்கை நிற்கும்.

வண்டி நின்ற நாட்களுக்கு வாரண்டி நீட்டிப்பு, மாற்று வண்டி அல்லது வாடகைச் செலவு, பாகம் வரும் தேதி எழுத்தில் – இவற்றை முதலில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலும் மனுச் செய்யலாம். கட்டணம் 10 முதல் 20 லட்ச ரூபாய்க் காருக்கு 400 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள்.

மழை வெள்ளம் சீட் வரை ஏறிவிட்டது. வாரண்டியில் வருமா? (கடலூர்)

வராது, அது இன்சூரன்ஸ். ஆன் செய்யாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். படம் எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். தண்ணீர் வடிந்து காய்ந்துவிட்டது என்று மூடிய ஷெட்டுக்குள் நிறுத்தவும் வேண்டாம். பரிசோதிக்கும்வரை திறந்த வெளியில், வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும்.