பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஆபத்தா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

*வெல்டிங் பட்டறைக்குப் பழைய ஆயில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். அடியில் எண்ணெய் கசிகிறது. பயப்பட வேண்டுமா?*

முதலில் பெயர்ப்பலகையில் வருடத்தைப் பாருங்கள். சூட்டிலும் எளிதில் தீப்பிடிக்காது என்பதால் 1930களிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர்களில் பிசிபி என்ற குளோரின் கலந்த திரவத்தை ஊற்றினார்கள். அரோக்லர், பைரனால், க்ளோஃபென் என்று எழுதியிருந்தால் அதுதான். ஆனால் அது நச்சு. அமெரிக்கா 1979இல் தடை செய்தது. இந்தியாவில் 2016 ஆணைப்படி 2025 டிசம்பர் 31க்குப் பிறகு பயன்படுத்தவே கூடாது.

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மிதந்தால் நல்ல எண்ணெய் என்பார்கள். அதை நம்பாதீர்கள். சுத்தமான பிசிபி மூழ்கும், சரி. ஆனால் ஒரே வடிகட்டும் இயந்திரத்தைப் பல டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் பயன்படுத்தும்போது சாதாரண எண்ணெயிலும் பிசிபி கலந்துவிடும். அந்த எண்ணெய் மிதக்கத்தான் செய்யும். பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தாலே ஆபத்தான கழிவுதான். ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும்.

அதுவரை அதை ஓட்டாதீர்கள். கசிவுக்கடியில் தட்டு வையுங்கள், சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சி, மூடியுள்ள டின்னில் தனியாக வையுங்கள். நைட்ரைல் கையுறை அவசியம். கசிகிறதே என்று தொட்டியிலேயே வெல்டிங் வைத்துவிடாதீர்கள்! சூட்டில் பிசிபியைவிடக் கொடிய ஃபியூரான் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும்.

*முட்டி வலிக்கு அப்பா டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் தேய்க்கிறார். நல்லதா?*

வேண்டவே வேண்டாம். இன்றே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிசிபி தோல் வழியாகவே உள்ளே போகும், கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலிலும் வரும். 1968இல் மேற்கு ஜப்பானில் தவிட்டு எண்ணெய் ஆலை ஒன்றின் சூடேற்றும் குழாயிலிருந்து பிசிபி கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. சாப்பிட்டவர்களுக்கு முகமெல்லாம் கட்டி, நகம் கறுத்தது. குழந்தைகள் கறுத்த தோலோடு பிறந்தன. வலிக்கு மருத்துவரைப் பார்க்கட்டும்.

*காயலான் கடைக்குப் போட ஒயரை எரித்துச் செம்பு எடுக்கலாமா?*

கூடாது. ஒயரின் மேலுள்ள பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். உரித்து எடுங்கள்.

*டியூப்லைட் உடைந்துவிட்டது. என்ன செய்வது?*

உள்ளே இருப்பது சில மில்லிகிராம் பாதரசம். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். துடைப்பம் போடாதீர்கள், தூள் பறக்கும். அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பில் ஒற்றியெடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.