நட்டு கழன்றும் ஸ்டீயரிங் வரவில்லையா?

கேள்வி: எங்களிடம் 1994 மாருதி 800 இருக்கிறது. திருப்பம் முடிந்த பிறகும் இண்டிகேட்டர் தானாக அணைவதில்லை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். நானே பார்க்கலாம் என்று ஹாரன் மூடியை எடுத்து, நடு நட்டையும் கழற்றிவிட்டேன். ஸ்டீயரிங் துளிகூட அசையவில்லை. ஷாஃப்டின் (ஸ்டீயரிங் மாட்டியிருக்கும் தண்டின்) தலையில் சுத்தியலால் நாலு போடு போட்டால் வந்துவிடும் என்கிறான் நண்பன். போடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். முதல் அடியிலேயே ஷாஃப்டின் முனை நசுங்கி மரை கெடலாம், அப்புறம் நட்டு திரும்ப ஏறாது. அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் மடங்கிக்கொள்ளும்படி பல கார்களில் ஸ்டீயரிங் தண்டைச் செய்திருப்பார்கள், அதைப் பிடித்து வைத்திருப்பவை சிறு பிளாஸ்டிக் முளைகள்தான், சுத்தியல் அடியில் அவை உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, வண்டி வழக்கம்போல ஓடும்.

ஷாஃப்டின் மேல் நுனியில் சுற்றிலும் நுண்ணிய பற்கள், ஸ்டீயரிங்கின் நடுத்துளையிலும் அதே பற்கள். இரண்டையும் கோத்து நட்டால் இறுக்கிவிடுகிறார்கள். முப்பது வருஷம் யாரும் தொடாமல் இருந்தால் இடையில் துரு பிடித்து இரண்டும் ஒன்றாகிவிடும். நட்டு இல்லாமலே நிற்பது அதனால்தான்.

முதல் வேலையாகக் கழற்றிய நட்டைத் திரும்பப் போடுங்கள், மூன்று நான்கு மரை மட்டும். இழுத்துக்கொண்டே இருக்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று விடுபட்டால் நேராக உங்கள் வாயில்தான் வந்து இடிக்கும், நட்டு இருந்தால் அதோடு நின்றுவிடும். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். ஷாஃப்ட்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரே கோட்டில் மார்க்கரால் அடையாளம் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

துரு இளக்கும் ஸ்பிரேயை ஷாஃப்ட்டும் துளையும் சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சமாக அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். தாராளமாக அடித்தால் கீழே இருக்கும் சுவிட்சுக்குள் இறங்கிவிடும். காலையில் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்து, இடமும் வலமும் மாற்றி மாற்றி அசைத்து இழுத்துப் பாருங்கள், லேசான பிடிப்பு என்றால் இதிலேயே வந்துவிடும். ஒரே பக்கமாகத் தொங்கி இழுக்காதீர்கள், பழைய விளிம்பு வளைந்துவிடும்.

வரவில்லையா, புல்லர்தான் வழி: ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நடு போல்ட்டால் ஷாஃப்டின் முனையை அழுத்தி ஸ்டீயரிங்கை வெளியே இழுக்கும் கருவி. நட்டுக்கு இரண்டு பக்கமும் மரை போட்ட துளைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மரைக்குச் சரியாகப் பொருந்தும் போல்ட்டை மட்டும் போடுங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் குறைந்தது 8 மில்லிமீட்டராவது உள்ளே இறங்க வேண்டும், ரொம்பவும் இறங்கினால் பின்னால் இருக்கும் சுவிட்சைக் குத்தும். துளை இல்லையென்றால் இரண்டு கால் புல்லர், அதன் கால்கள் நடுக்கட்டையின் பின்பக்கத்தைப் பிடிக்க வேண்டும், விளிம்பையும் நடுக்கட்டையையும் இணைக்கும் கம்பிகளை அல்ல. மரைத் துளைகள் இருந்தும் புல்லர் கிடைக்காவிட்டால் பக்கத்து லேத் பட்டறையில் ஒரு கனமான பட்டையில் மூன்று துளை போட்டு, நடுத்துளைக்கு மரை வெட்டித் தரச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. நடு போல்ட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், பிறகு கால் சுற்று, மறுபடி காத்திருங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறுக்கினால் மரைதான் போகும். ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பு, டார்ச் எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள், சுற்றிலும் பிளாஸ்டிக்.

திரும்ப நட்டை இறுக்கும்போது ஸ்டீயரிங் லாக்கை நம்பி முறுக்க வேண்டாம், லாக் உடையும். இன்னொருவரை ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திரும்ப மாட்டிய பிறகு நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: ஒரு பல் மாறி உட்கார்ந்திருக்கும். 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி, கண்ணுக்கே தெரியும். கழற்றி ஒரு பல் நகர்த்துங்கள். சாய்வு அதைவிடக் குறைவு என்றால் பல்லில் கை வைக்காதீர்கள், அலைன்மென்ட் கடையில் இரண்டு டை ராடையும் (முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகள்) சமமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். சாய்வை அப்படியே விட்டால் இண்டிகேட்டர் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் அணையும்.

கேள்வி: ஏர்பேக் உள்ள காரிலும் இதே முறைதானா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் அமைப்பில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், தவறுதலாக வெடித்தால் முகம் போய்விடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே சுருளாக இருக்கும் மெல்லிய வயர் பட்டையும் தவறான பக்கம் சுற்றினால் அறுந்துவிடும். அதைப் பழகிய பட்டறையில் விடுங்கள்.