தொண்டை எங்கிருந்து வந்தது: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

மெல்பர்னில், டாண்டினாங் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் அடுத்த மாதம் ரிட்டையர் ஆகிறார். ஷிஃப்ட் முழுக்க ரேடியோவில் பழைய ஆஸ்திரேலிய ராக் பாட்டுதான் வைப்பார். போன வாரம் ராக் பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் எழுதிய 'வர்க்கிங் கிளாஸ் பாய்' புத்தகத்தை என் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மேடை, பாட்டு, ரெக்கார்டிங் கதையெல்லாம் இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். பார்த்தால் முழுக்க அடி, குடி, பசி. அவர் பாடகராகக் கிளம்பும் இடத்தில் புத்தகமே முடிந்துவிட்டது. அப்புறம் பழங்குடிப் பாடகர் ஆர்ச்சி ரோச் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதையும் தேடிப் படித்தேன். அவரும் சின்ன வயதுக்குத்தான் போகிறார். வாழ்நாள் முழுக்கப் பாடியவர்களுக்குப் பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையா? அனுதாபம் தேடுகிறார்களோ என்றுகூடத் தோன்றியது. நீங்கள் இவர்களைக் கேட்பவர் என்பதால் எழுதுகிறேன்.

ம.

அன்புள்ள ம.,

அனுதாபம் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் புத்தகத்தை நீங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது முழுக்கப் பாட்டைப் பற்றியதுதான். பாடகனுக்குக் கருவி அவன் தொண்டை. அந்தத் தொண்டை எந்த வீட்டில், எப்படி உருவானது என்பதைத்தான் பார்ன்ஸ் எழுதியிருக்கிறார்.

பார்ன்ஸ் பாடிய கோல்டு சிசல் ராக் குழுவின் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கங்களுக்குப் போங்கள். 1978-ல் வந்த 'கே சான்' இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பி எங்கும் ஒட்ட முடியாமல் அலையும் ஒருவனைப் பற்றி அந்தக் குழுவின் டான் வாக்கர் எழுதியது. ஒலிபரப்ப ஏற்றதல்ல என்று அப்போது முத்திரை குத்தப்பட்ட பாட்டு. இன்றைக்கு எந்தக் கூட்டத்தில் ஆரம்பித்தாலும் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். பார்ன்ஸின் குரல் அதில் பாடுகிறதா, கத்துகிறதா என்று பிரிக்க முடியாது. கூச்சலுக்கு மேலே எழும்பித்தான் தன்னைக் காட்டிக்கொள்ள முடியும் என்று வளர்ந்தவனின் குரல் அது.

அவர் 1956-ல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஸ்வானாகப் பிறந்தவர். அப்பா குத்துச்சண்டை போட்டவர், பெரும் குடிகாரர். ஆளுக்குப் பத்து பவுண்டு கட்டினால் போதும், பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம் என்று ஆஸ்திரேலியா பிரிட்டனிலிருந்து குடும்பங்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த காலம். 1962 தொடக்கத்தில் ஸ்வான் குடும்பம் அடிலெய்டில் வந்து இறங்கியது. குடியேறியவர்களுக்காகவே நகருக்கு வடக்கே கட்டிய எலிசபெத் என்ற புறநகரில் அவர் வளர்ந்தார். பக்கத்திலேயே ஹோல்டன் கார் ஆலை. நாடு மாறியது, வீடு மாறவில்லை. சண்டை நடக்கும் இரவுகளில் பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள். ஒரு கட்டத்தில் அம்மா வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். பிறகு அவர் மணந்துகொண்ட ரெஜ் பார்ன்ஸ்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தவர். பாடகர் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கும் பெயர் அந்த வளர்ப்புத் தந்தையுடையது. அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர். இத்தனை வன்முறைக்கு நடுவே சத்தமில்லாமல் ஒருவர் வந்து நிற்கிறார். அந்தப் பக்கங்களை அவசரமில்லாமல் படியுங்கள்.

கோல்டு சிசலோடு அவர் அடிலெய்டை விட்டுக் கிளம்பும்போது புத்தகம் முடிவது உங்களுக்கு ஏமாற்றம். எனக்கு அதுதான் அவர் செய்த சரியான காரியம். பாட்டும் குழுவும் குடியும் இதற்கு அடுத்த ஆண்டு, 2017-ல் வந்த 'வர்க்கிங் கிளாஸ் மேன்' புத்தகத்தில் இருக்கின்றன. மேடையில் வோட்கா பாட்டிலோடு நின்ற அந்த ஆண்டுகளைப் பெருமையாக அவர் எழுதவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன், நின்றால் பழையதெல்லாம் வந்து பிடித்துக்கொள்ளும் என்று பயந்தேன் என்ற பொருளில்தான் எழுதுகிறார். அறுபது வயதில் நின்றார், திரும்பிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டதை முதலில் எழுதினார்.

இப்போது ஆர்ச்சி ரோச். நீங்கள் இருவரையும் அடுத்தடுத்துப் படித்ததால் சொல்கிறேன், இவரும் அதே 1956-ல் பிறந்தவர். விக்டோரியா மாநிலத்தின் முரூப்னாவில். குடும்பம் ஃப்ராம்லிங்கத்தில், பழங்குடியினரை வைத்திருந்த குடியிருப்பில் வாழ்ந்தது. விவரம் தெரியாத வயதிலேயே அதிகாரிகள் வந்து அவரைத் தூக்கிப் போய்விட்டார்கள். உன் குடும்பம் தீ விபத்தில் இறந்துவிட்டது என்று பிறகு அவரிடம் சொல்லப்பட்டது. கடைசியில் அவரை வளர்த்தது மெல்பர்னில் இருந்த காக்ஸ் குடும்பம். நல்ல மனிதர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு ஸ்காட்டிஷ் பாட்டுகளைக் கேட்டுத்தான் அவருக்கு இசையில் பிடிப்பு வந்தது, அந்த வீட்டு மகள்தான் கிட்டார் கற்றுக்கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கடல் கடந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் காசு கொடுத்துக் கூட்டிவந்த அதே நாடு, அதே ஆண்டுகளில், அந்த மண்ணின் பிள்ளைகளை அவர்கள் தாயிடமிருந்து பிடுங்கியது. ஒரு பையன் ஸ்காட்லாந்தின் பாட்டோடு கப்பலில் வந்தான். இன்னொரு பையன் தன் பாட்டை இழந்து ஸ்காட்லாந்தின் பாட்டைக் கேட்டு வளர்ந்தான். ஆஸ்திரேலியாவின் மூத்த இசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்போது பிள்ளைப்பருவம் வந்து வழியை மறிப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஈஸிபீட்ஸ் என்ற ராக் குழுவில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அந்த நாட்டில் பிறந்தவர் இல்லை. சிட்னியில் வில்லவுட் குடியேறிகள் விடுதியில் உருவான குழு அது. பீ ஜீஸ் குழுவினர், ஏசி/டிசி ராக் குழுவின் யங் சகோதரர்கள், பத்து வயதில் இங்கிலாந்திலிருந்து வந்த பாடகர் ஜான் ஃபார்ன்ஹம், எல்லாருக்கும் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது.

ஆர்ச்சியிடம் திரும்பி வருகிறேன். பள்ளியில் ஒருநாள், ஆர்ச்சிபால்டு வில்லியம் ரோச் அலுவலகத்துக்கு வரவும் என்று வகுப்பில் கேட்கிறது. அங்கே அவர் ஆர்ச்சி காக்ஸ். அந்த இன்னொரு பெயருக்குச் சொந்தக்காரர் தான்தான் என்று போய் நிற்கிறார். ஒரு கடிதம் வந்திருக்கிறது. இருப்பதே தெரியாத அக்கா எழுதியது. அம்மா ஒரு வாரத்துக்கு முன்னால் இறந்துவிட்டார் என்ற செய்தி அதில் இருக்கிறது. அம்மா இருந்தார் என்பதும் இனி இல்லை என்பதும் ஒரே தாளில். பதின்வயதுப் பையன் கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார். அப்புறம் தெரு, குடி. அடிலெய்டில் ஒரு விடுதியில், பின்னாளில் தன் வாழ்க்கைத் துணையான ரூபி ஹன்டரைச் சந்திக்கிறார். அந்தப் பெண்ணும் பிடுங்கப்பட்ட பிள்ளைதான். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அதே ஊரில் பார்ன்ஸ் வார்ப்புப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளி. இரண்டு பையன்களும் ஒரே தெருவில் நடந்திருக்கலாம்.

பிள்ளைகளைப் பிடுங்கிப் போனதைப் பற்றிய 'டுக் த சில்ட்ரன் அவே' பாட்டை ஆர்ச்சி 1989-ல் பாடகர் பால் கெல்லியின் கச்சேரிக்கு முன்னால் மெல்பர்னில் பாடினார். முடித்ததும் அரங்கில் சத்தமே இல்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்துத் திரும்பி நடக்கத் தொடங்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் மெல்ல எழுந்து பெருகியது. அடுத்த ஆண்டு 'சார்க்கோல் லேன்' தொகுப்பு வந்தது. பிள்ளைகளைப் பிடுங்கியது குறித்த தேசிய விசாரணை அறிக்கை 1997-ல்தான் வந்தது. நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008-ல். பாட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றது. இதைப் பாடியவர் தன் பிள்ளைப்பருவத்தை விட்டுவிட்டு ஸ்டூடியோ கதை சொல்ல வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

2010-ல் ரூபி இறந்தார். அதே ஆண்டு ஆர்ச்சிக்குப் பக்கவாதம். மறுபடியும் கிட்டார் வாசிக்கப் பழகினார். பிறகு நுரையீரல் புற்றுநோய், ஒரு நுரையீரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். 2020-ல், முப்பது ஆண்டு கழித்து, 'சார்க்கோல் லேன்' பாட்டுகளைத் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து மறுபடி பதிவு செய்தார். இரண்டு பதிவுகளையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் பதிவில் குரல் தெளிந்த தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டாவதில் ஒவ்வொரு வரிக்கும் மூச்சைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரியது. 2022 ஜூலையில் காலமானார். இறந்தவர் பெயரையும் படத்தையும் தவிர்ப்பது பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் வழக்கம். அவர் பெயரையும் படத்தையும் பாட்டையும் பயன்படுத்தலாம் என்று மகன்கள் அனுமதி கொடுத்தார்கள். அதனால்தான் இங்கே நான் பெயர் சொல்லி எழுத முடிகிறது.

ஃபார்ன்ஹமின் கதை வேறு. நாட்டின் மிகப் பெரிய குரல் என்று கொண்டாடப்பட்டவருக்கு 2022-ல் வாயில் புற்றுநோய். தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. முன்போல் வாயைத் திறந்து பாட முடியாத நிலையில் 2024-ல் தன் வாழ்க்கையை எழுதினார். தொண்டையைப் பற்றி நான் மேலே சொன்னதை நினைத்துக்கொண்டு அதைப் படித்துப் பாருங்கள்.

சரி, பாட்டு எப்படிப் பிறந்தது என்ற விவரம்தான் வேண்டும் என்றால் பால் கெல்லியின் 'ஹவ் டு மேக் கிரேவி' புத்தகத்தை எடுங்கள். தன் பாட்டுகளை அகர வரிசையில் பல இரவுகள் பாடிய கச்சேரிகளிலிருந்து உருவானது அது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அத்தியாயம். நீங்கள் தேடியது அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

உங்கள் சூப்பர்வைசரைப் பற்றித்தான் எனக்குக் கேட்க வேண்டும். அவர் எந்த ஊர்க்காரர்? சின்ன வயதில் எங்கே வளர்ந்தார்? ஒன்றும் சொல்லாமல் அந்தப் புத்தகத்தை ஏன் உங்கள் கையில் கொடுத்தார்? அடுத்த மாதம் அவர் போய்விடுவார் என்கிறீர்கள். அதற்குள் ஒருநாள் டீ பிரேக்கில் படித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசினால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்