ஒழுங்குமுறை அரசு என்றால் என்ன?

பொருளைத் தானே விற்காமல், விற்பவர்களுக்கு விதி வகுத்துக் கண்காணிக்கும் அரசு. இந்தியாவில் ஒருகாலத்தில் தொலைபேசி இணைப்பு தந்தது அரசுதான். தனியாரும் வந்தபின், ஆடுபவரே நடுவராகவும் இருந்தால் நியாயம் கிடைக்காது. அதனால் 1997-இல் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வந்தது; 2000-இல் அரசுத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. சந்தையில் காய் விற்பது வியாபாரி, எடைக்கல்லுக்கு முத்திரை வைப்பது அரசு, அப்படித்தான் இதுவும்.

கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி, 2011 முதல் நாடு முழுதும் கிடைப்பது, இந்த விதிகளால்தான். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், புது நிறுவனத்திடம் கொடுக்க எட்டு எழுத்துக் குறியீடு வரும். பில் பாக்கி இருந்தாலோ, இணைப்பு வாங்கி 90 நாள் ஆகாவிட்டாலோ வராது.

அரசு ஒதுங்கிவிட்டது என்று இதைப் பலர் நினைக்கிறார்கள்; விதி கட்டாயப்படுத்தாவிட்டால் எந்த நிறுவனம் வாடிக்கையாளரை எண்ணோடு அனுப்பிவைக்கும்?