ஊரில் ஞானஸ்நானம், கடிதம் மட்டும் சென்னையிலிருந்தா?

தூத்துக்குடியிலிருந்து பெரம்பூருக்குக் குடிவந்தும் இங்கே பங்கில் (அந்தப் பகுதிக்கான கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில்) பதியவில்லை. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஊர்ச் சாமியார் சென்னைப் பங்கின் கடிதம் கேட்கிறார் என்கிறீர்கள். அவர் உங்களை அலைக்கழிக்கவில்லை. பெற்றோரின் சொந்தப் பங்கில்தான் குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) என்பது திருச்சபைச் சட்டம் 857 சொல்லும் பொது விதி. தகுந்த காரணம் இருந்தால் வேறு இடத்திலும் கொடுக்கலாம். சொந்தப் பங்கு எது என்பது குடியிருப்பை வைத்துத்தான், அதனால் உங்களுக்கு இப்போது அது பெரம்பூர்ப் பங்கு.

கடிதத்துக்காக நேராகப் பங்கு ஆபீசுக்குப் போகாமல், முதலில் உங்கள் தெரு அன்பியப் (பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு) பொறுப்பாளரைப் பிடியுங்கள். நகரத்துப் பங்கில் ஞாயிறு பூசைக்கு வந்து கூட்டத்தோடு கலைந்துபோகிறவரைச் சாமியாருக்கு எப்படித் தெரியும்? அன்பியக் கூட்டத்துக்கு இரண்டொரு முறை போய்ச் செபமாலையில் உட்காருங்கள், பெரும்பாலும் பொறுப்பாளரே கூட வந்து அறிமுகப்படுத்துவார். கோயில் திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று நகல்கள் கையில் இருக்கட்டும்.

அப்புறம் ஞானப்பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர். ஒருவர் போதும், ஆனால் 16 வயது நிரம்பி, உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். (கடைசி நேரத்தில் பலர் மாட்டுவது இங்கேதான்.) உங்கள் மச்சினர்தான் ஞானத்தந்தை என்றால், உறுதிபூசுதல் சான்றை இப்போதே தேடச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் எங்கே நடக்கிறதோ அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் பெயர் ஏறும். பிள்ளையின் கல்யாணத்துக்கும் அங்கேதான் சான்று கேட்க வேண்டிவரும், பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.