படிவத்தின் நிறம் மாறுகிறது, பட்டன் மட்டும் மாறவில்லை, ஏன்?

விஷுவல் ஸ்டுடியோவின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனரில் (விண்டோஸ் நிரலின் திரையை வடிவமைக்கும் இடம்) படிவத்தின், அதாவது நிரலின் சாளரத்தின், காலி இடத்தைக் கிளிக் செய்து எஃப்4 அழுத்துங்கள், ப்ராப்பர்ட்டீஸ் சாளரம் திறக்கும். பேனல் (மற்ற கூறுகளை வைக்கும் பெட்டி) ஒன்று படிவம் முழுவதையும் மூடியிருந்தால் கிளிக் அதன்மேல்தான் விழும். எஸ்கேப் அழுத்தினால் தேர்வு படிவத்துக்குப் போகும். அதில் பேக்கலர் (பின்னணி நிறம்) வரிசையில் 240, 248, 255 என்று சிவப்பு, பச்சை, நீல அளவுகளை எண்களாகவே தட்டச்சு செய்யலாம்.

லேபிள், பேனல் போன்றவற்றுக்குத் தனி நிறம் கொடுக்காதவரை படிவத்தின் நிறமே வந்துவிடும். டெக்ஸ்ட்பாக்ஸ் தன் சொந்த வெள்ளையை விடாது. பட்டனில் யூஸ்விஷுவல்ஸ்டைல்பேக்கலர் 'ட்ரூ' என்று இருப்பதால் விண்டோஸ் தீமே அதை வரைகிறது. 'ஃபால்ஸ்' ஆக்கினால் படிவத்தின் நிறம் பட்டனிலும் வரும், ஆனால் பட்டன் பழைய காலத்துப் பட்டன் போலத் தெரியும். அப்படியே விடுவதுதான் என் தேர்வு.

லேபிளின் பேக்கலருக்கு டிரான்ஸ்பரன்ட் (ஒளிபுகும் நிறம்) கொடுத்துப் படத்தின்மேல் வைத்தும் பின்னால் படிவத்தின் நிறமே தெரிகிறதா? அது காட்டுவது தன் பேரன்ட்டை (தன்னை உள்ளடக்கிய கூறை), அடியில் இருப்பதை அல்ல. நிரலில் லேபிளின் பேரன்ட்டாகப் படத்தைக் காட்டும் பிக்சர்பாக்ஸை வையுங்கள். லேபிளின் இடமும் அதற்கேற்ப நகரும், அதன் லொகேஷனைத் (இட மதிப்பை) திருத்த வேண்டும். படிவத்துக்கே டிரான்ஸ்பரன்ட் கொடுத்தால் ஏற்காது, பிழைதான் வரும்.

தவறான நிறம் வைத்துவிட்டால் பேக்கலரில் வலது கிளிக், ரீசெட்.