பெத்லகேம்: அப்பமா, இறைச்சியா, போரா? (கேள்வி பதில்)

டிசம்பர் பிறந்தாலே இந்த ஊர்ப் பெயருக்குப் பொருள் கேட்டு ஆள் வந்துவிடுகிறார்கள். தனித்தனியாக எழுதி மாளவில்லை. எபிரெய மொழி தொடர்பானதை மட்டும் கேளுங்கள்.

ஐயா, பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு' என்று சபையில் சொல்கிறார்கள். அரபியில் 'இறைச்சி வீடு' என்கிறார்களாமே. எது சரி?

இரண்டும் சரி. எபிரெயத்தில் 'பேத்' வீடு, 'லெஹெம்' ரொட்டி. அரபியில் அந்த ஊர் இன்றைக்கும் 'பைத் லஹ்ம்'தான். அங்கே லஹ்ம் என்றால் இறைச்சி. ஒரே வேர், இரண்டு மொழி. உழுது பயிரிட்டவனுக்கு முக்கிய உணவு ரொட்டி, ஆடு மேய்த்தவனுக்கு இறைச்சி என்று விளக்குவார்கள். எபிரெயத்திலேயே லெஹெம் பல இடங்களில் பொதுவாக உணவைக் குறிக்கும். நம் ஊரில் 'சோறு போட்டு வளர்த்தேன்' என்பவர் அரிசியை மட்டுமா சொல்கிறார்? அதுபோல.

பைபிளில் ரூத்தின் கதையை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். அப்பத்தின் வீட்டில் பஞ்சம் வந்து ஒரு குடும்பம் மோவாபுக்குப் போகிறது. பிறகு கர்த்தர் தம் ஜனத்துக்கு 'ஆகாரம் அருளினார்' என்ற செய்தி அந்தக் குடும்பத்துத் தாய் நகோமிக்கு எட்டுகிறது (ரூத் 1:6). அந்த ஆகாரம் எபிரெயத்தில் லெஹெம்தான். 'லாதேத் லாஹெம் லாஹெம்', அவர்களுக்கு அப்பம் கொடுக்க, என்று ஓசை நயத்தோடு வருகிறது. அவள் திரும்பி வருவது வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும் நேரத்தில். எழுதியவருக்கு ஊர்ப் பெயர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தமிழில் 'ஆகாரம்' என்று படிக்கும்போது இது நழுவிவிடும்.

போர் என்பதற்கும் இதே வேர்தானே? அப்படியானால் 'யுத்தத்தின் வீடு'?

'மில்ஹமா' என்றால் போர். ல-ஹ-ம் என்ற மூன்று எழுத்தும் அதில் உண்டு, சரி. தமிழில் 'படி' இருக்கிறது: மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பாடம் படி. மாடிப்படி ஏறியவர் எல்லாம் படித்தவர் ஆகிவிடுவாரா? வேரெழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்லாதீர்கள். வழக்கத்தைப் பாருங்கள்.

லஹ்மு என்ற தெய்வத்தின் கோயில் இருந்ததால் வந்த பெயர் என்று படித்தேன்.

லஹ்மு பாபிலோனியப் படைப்புக் கதையில் வரும் ஆதித் தெய்வங்களில் ஒருவர். இந்த ஊகத்துக்குத் துணையாக ஒரு களிமண் பலகையைக் காட்டுவார்கள்: கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எருசலேமின் அதிபதி அப்தி-ஹெபா எகிப்துக்கு எழுதிய கடிதம். எருசலேம் நாட்டைச் சேர்ந்த ஓர் ஊர் கைவிட்டுப் போனதாக அதில் புலம்புகிறார். அந்த ஊர்ப் பெயரில் உள்ள குறியீட்டை 'லஹ்மு' என்று படிக்கலாம் என்றார்கள் சிலர். அது வேறு தெய்வம், வேறு ஊர் என்றார்கள் மற்றவர்கள். ஒரு குறியீட்டை நம்பிக் கோயில் கட்ட நான் தயாரில்லை.

பெத்லகேமின் இன்னொரு பெயரான எப்பிராத்தா?

'கனி தருதல்' என்ற வேரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆதியாகமம் 35:19, மீகா 5:2 பாருங்கள்.

யூடியூபில் ஒருவர் பெத்லகேம் என்றால் யுத்த வீடு என்று...

மேலே மாடிப்படி.

அண்ணே, 1 நாளாகமம் 20:5இல் கோலியாத்தின் சகோதரன் பெயர் லாகேமி. அப்படியானால் 'லாகேமியின் வீடு' பெத்லகேம். ஏன் யாரும் சொல்வதில்லை?

நல்ல கேள்வி, தவறான விடை. 2 சாமுவேல் 21:19இல் எபிரெய மூலத்தில் பெத்லெகேம்காரன் எல்க்கானான் கோலியாத்தையே கொன்றான் என்று இருக்கிறது. ஆனால் கோலியாத்தைக் கொன்றது தாவீது ஆயிற்றே! நாளாகமத்தில் அது 'கோலியாத்தின் சகோதரன் லாகேமியை' என்று மாறிவிடுகிறது. சாமுவேலில் 'பேத் ஹல்லஹ்மி ஏத்', நாளாகமத்தில் 'ஏத் லஹ்மி அஹி'. ('பேத் ஹல்லஹ்மி' பெத்லெகேம்காரன், 'ஏத்' நம் 'ஐ' உருபு போல, 'அஹி' சகோதரன்.) எழுத்துகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். ஊர்க்காரன் என்ற சொல்லின் பாதிதான் ஆளாக எழுந்து நிற்கிறது என்பது என் கணிப்பு.

விடமாட்டேன் அண்ணே. சாமுவேலைப் பிரதி எடுத்தவர் கைதவறியிருக்கலாமே? நாளாகமம்தான் மூலமாக இருந்தால்?

அப்படிச் சொல்லும் அறிஞர்களும் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் நாளாகமம் பிந்தியது, முரண்பாட்டைத் தீர்க்க அதற்குக் காரணமும் இருந்தது. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். லாகேமி மெய்யான ஆள் என்றாலும் அவன் இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரில் ஒருவன், காத் ஊர்க்கார வீட்டுப் பிள்ளை. யூதா மலையில் இருக்கும் ஊருக்கு அவன் பெயர் எப்படி வரும்? தாவீதின் அப்பா ஈசாயையும் 1 சாமுவேல் 16:1இல் 'பேத் ஹல்லஹ்மி' என்றுதான் அழைக்கிறார்கள். மதுரைக்காரர் என்பதுபோல ஊரால் வந்த பெயர். அவரும் லாகேமி வீட்டு ஆளா?

அதே நாளாகமத்தில் (2:51) சல்மா 'பெத்லகேமின் தகப்பன்' என்று இருக்கிறதே! அப்போது பெத்லகேம் ஆள்தானே?

அங்கே 'தகப்பன்' என்றால் ஊரை நிறுவியவர், தலைவர். லாகேமியை இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெத்லகேமா, பெத்லெகேமா?

பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் உண்டு. ஊர் ஒன்றுதான்.

இல்லை, இரண்டு ஊர் உண்டே!

அது வேறு சேதி. யோசுவா 19:15இல் செபுலோன் கோத்திரத்துக்கு ஒரு பெத்லகேம் வருகிறது, நாசரேத்துக்குப் பக்கம். அதனால்தான் 'யூதேயாவிலுள்ள' என்று மத்தேயு சேர்த்துச் சொல்கிறார் என்பார்கள். இயேசு எதில் பிறந்தார் என்ற சண்டையை வரலாற்றுக்காரர்களிடம் கொண்டுபோங்கள்.

நட்சத்திரம் எந்த ஆண்டு தெரிந்தது?

வானியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஐயா, யுத்தம் என்று...

மாடிப்படி.

புதிதாகக் கடை திறக்கிறோம். 'பெத்லகேம் பேக்கரி' என்று வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். பக்கத்திலேயே கறிக்கடை போட்டாலும் பலகையை மாற்ற வேண்டாம்.